வலது கை என்று அச்சான இடது கை

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயரையும் வீட்டு முகவரியையும் காவல் ஆய்வாளர் முதல் தாளில் எழுதிக்கொண்டுவிட்டார். நான் தோல் நோய் மருத்துவர். மருத்துவர் சங்கம் நடத்தும் ஆராய்ச்சி இதழுக்கு ஆசிரியராகவும் இருக்கிறேன். தீக்காயக் களிம்பு வழக்கில் என்னைச் சாட்சியாக அழைத்தார்களா, வேறு எதற்காவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டதற்கு ஆய்வாளர், "நீங்க சொல்லுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தக் களிம்பைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் என் மனைவியின் தம்பி, அறுவை மருத்துவர். சென்ற ஆண்டு அது இதழுக்கு வந்தது. சொந்தக்காரர் எழுதியதை ஆசிரியர் தொடக்கூடாது என்பது எங்கள் விதி என்பதால், பிரித்துக்கூடப் பார்க்காமல் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்து, இதில் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அச்சாகி வந்தபோதுதான் படித்தேன். லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் வெந்த வலது கை முதல் படத்தில் இருந்தது. அதே கை முழுக்கக் குணமாகி, விரல்கள் நன்றாக விரிந்திருப்பதாக இரண்டாம் படம் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி அந்த இதழை வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தாள்.

அதன் பிறகு சில மாதம் கழித்து அந்தத் தொழிலாளியும் அவர் மனைவியும் இதழ் அலுவலகத்துக்கு வந்தார்கள். கை சரியாகாததால் வேறொரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்த மருத்துவர், இதே களிம்பில் ஒருவருக்கு எவ்வளவு நன்றாகக் குணமாகியிருக்கிறது பாருங்கள் என்று எங்கள் கட்டுரையைக் காட்டினாராம். பார்த்தால் அது இவருடைய கையேதான்.

"சார், இது இவரோட இடது கை. நகத்தைப் பாருங்க" என்றார் அந்த அம்மாள். தொழிலாளி தன் இரண்டு கைகளையும் என் மேசைமேல் வைத்தார். இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. வலது கை, விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி, மூடிய முட்டியாக இருந்தது. வலது கை என்று நாங்கள் அச்சிட்ட படத்தில் பிளந்த நகம் இருந்தது. இடது கையின் படத்தை இடம் வலமாகப் புரட்டியிருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

அந்தத் தொழிலாளி சொன்னார்: "டாக்டர் தங்கமான மனுஷன் சார். நான் வலியில கத்தினப்ப எம் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. எங் கையை மட்டும் அதுலேர்ந்து எடுத்துருங்க."

"இவரு கெடக்காரு சார். இதை நம்பி இன்னும் எத்தனை பேரு தடவிக்கிட்டிருக்காங்களோ" என்றார் அவர் மனைவி.

அதன் பிறகு துணை ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரித்தேன். கட்டுரையை மதிப்பிட்ட இருவரில் ஒருவர், மூலப் படங்களை வாங்கிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். துணை ஆசிரியர் வாங்கவில்லை. "உங்க மச்சினர்னு தெரியும் சார். நீங்க ஒதுங்கிட்டீங்க. நான் போய்த் துருவினா உங்களையே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்" என்றார். விதிப்படி நான் பார்க்கவில்லை. நான் பார்க்காததால் அவரும் பார்க்கவில்லை. என் தவறு இதில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

அதன் பிறகு மைத்துனரை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ரெண்டு கையையும்தான் படம் புடிச்சேன், மாமா. எப்படியும் சரியாயிடும்னு நெனச்சேன். அதுக்குள்ள கட்டுரை குடுக்க வேண்டியிருந்தது" என்றார். ஏமாற்றத்தானே செய்தாய் என்று கேட்டேன். "எனக்கே தெரியல மாமா" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உண்மை சொன்னதாகவும் தோன்றவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பை நானே எழுதினேன். 'தவறுதலாக' என்று ஒரு சொல் போட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்றாள் மனைவி. நான் போடவில்லை. 'வேண்டுமென்றே' என்றும் போடவில்லை. இரண்டாம் படத்தில் உள்ளது சிகிச்சை பெற்ற கை அல்ல என்று மட்டும் எழுதினேன். "என் தம்பியை நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க" என்று சொன்னவள், மறுநாளிலிருந்து வழக்கம்போல எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே, கட்டுரையைப் படித்து வேறு ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு அந்தக் களிம்பைப் போட்டிருக்கிறார்கள். குழந்தையின் முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அதன் தகப்பனார் கொடுத்த புகாரின் பேரில்தான் இந்த விசாரணை என்று ஆய்வாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை.

மைத்துனர் இப்போது பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். அந்தத் தொழிலாளியின் விரல்களைப் பிரித்துவிட அறுவை செய்தாக வேண்டும். வேறு நல்ல மருத்துவரை நானே ஏற்பாடு செய்தேன். தொழிலாளி ஒப்புக்கொள்ளவில்லை. என் மைத்துனர்தான் செய்ய வேண்டுமாம், அவர் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருப்பாராம். ஏன் என்று கேட்டேன். "அவருக்கு எங் கை தெரியும் சார்" என்றார். இது வழக்குக்குத் தேவையில்லை என்றார் ஆய்வாளர். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மேற்கண்டதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை அனைத்தும் உண்மை. எனக்குப் புரியாததும் இதில் உண்டு என்பதையும் அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)