ஒட்டப்பட்ட நடுப்பக்கம்

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அரங்கநாதன் ஐயா அவர்களே! களமருதூரிலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் கையில் விசிறியுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! முன்னால் சம்மணமிட்டு, நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்திருக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த இளஞ்செழியனின் தலைதாழ்ந்த வணக்கம்.

குழந்தைப் பாட்டின் பெருமையைப் பேசப் பன்னிரண்டு பக்கம் எழுதி வந்தேன். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்று காலை இந்த மண்டபத்தில் நடந்தது என்னை உலுக்கிவிட்டது.

போன வருஷம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வாரம் யாருக்கு மறக்கும்? தியாகதுருகம் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரம். பஸ் இல்லை, லாரி இல்லை. கல்வராயன் மலையிலிருந்து சாமை விற்க இறங்கிய கண்ணுசாமியும் அவர் மகள் கவியாவும் அங்கே மாட்டிக்கொண்டார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். பெரியவர்கள் நாங்கள் யார் வெட்டினார், யார் வெட்டச் சொன்னார் என்று வாய் வலிக்கப் பேசினோம். ஏழு வயதுக் கவியா என்ன செய்தாள்? மரத்தில் ஏறினாள், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றினாள், கிளையைப் பிடித்து ஓட்டவே ஆரம்பித்துவிட்டாள்! கூடவே ஒரு பாட்டு:

படுத்துக் கிடக்குது புளியமரம்
பஸ்ஸா ஆச்சுது நடுரோட்டுல
ஏறிக் குந்துங்க எல்லாரும்
எங்க மலைக்குப் போய்வரலாம்!

கைதட்டுகிறீர்கள். நானும் அன்று தட்டினேன். எங்கள் வாசகர் மன்றம் இன்று வெளியிடும் படப்புத்தகத்தின் நடுப்பக்கமே அந்தப் பாட்டுதான். ஓவியர் ஜெயசுதா அம்மா மரத்தின்மேல் பதினோரு பிள்ளைகளை வரைந்தார்கள்; ஓட்டுகிறவள் கவியா.

இன்று காலை அப்பனும் மகளும் மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி வந்தார்கள். பாப்பா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். நடுப்பக்கம் பிரியவில்லை. ஓரமெல்லாம் மைதாப் பசை!

"சார், என் பக்கம் மட்டும் ஏன் சார் ஒட்டிக்கினு இருக்குது?"

"அச்சகத்தில் ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா" என்று பதில் வந்தது.

கண்ணுசாமி மெல்லக் கேட்டார்: "மிசினு எங்க பாப்பா பக்கத்த மட்டும் பாத்துப் புடிச்சுதுங்களா?"

செவிட்டில் அறைந்தது போல் இருந்தது, ஐயா! அந்தக் குழந்தையோ புத்தகத்தை எடுத்துக்கொண்டு சன்னலுக்கு ஓடினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "வுடுப்பா, இப்டி வெச்சுப் பாத்தா கொஞ்சம் தெரியுது" என்றாள். என் எதிரில், அப்பனுக்கு ஆறுதல் சொன்னாள்!

ஒட்டியது யார்? அங்கே ஒருவர் 'போலீசா?' என்கிறார். இல்லை ஐயா. 'போராட்டக்காரங்களா?' இல்லவே இல்லை, அவர்கள் யாரும் இந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒட்டியவன் நான்! நேற்று மாலை, இந்தக் கையால், ஐந்நூறு புத்தகத்தையும் ஒட்டினேன். அச்சகத்தின்மேல் பழி போட்ட வாயும் இதே வாய்தான்!

சத்தம் போடுங்கள், திட்டுங்கள், எனக்கு வேண்டும். தலைவர் ஐயா அதிர்ந்துபோய்ப் பார்க்கிறார், அவருக்கும் தெரியாது. மரத்தை வரைந்தால் போராட்டத்தைக் கேலி செய்கிறோம் என்று ஒரு பக்கம் சொல்லுமோ, தூண்டிவிடுகிறோம் என்று மறு பக்கம் சொல்லுமோ என்று பயந்தேன். யாரும் மிரட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாப்பா பயப்படவில்லை, பாவி நான் பயந்தேன்!

நிலாவைப் பாடச் சொல்கிறோம், நாய்க்குட்டியைப் பாடச் சொல்கிறோம். பார்த்த மரத்தைப் பாடக் கூடாதா? பஸ்ஸுக்குக் காத்திருந்ததைப் பாடக் கூடாதா? கண்டதைப் பாடினால் பசை தடவுவோம் என்றால், குழந்தைக்கு எதற்கையா புத்தகம்? பெரியவர்களின் பயத்துக்கு அட்டை போட்டுக் கொடுக்கவா?

தாய்மார்களே, பசை ஓரத்தில் மட்டும்தான். ஈர்க்குச்சியை உள்ளே விட்டு மெல்ல நகர்த்தினால் படம் கிழியாது. பத்துப் பேர் கை கொடுங்கள். ஐந்நூறும் பிரியாமல் ஒரு புத்தகமும் பள்ளிக்கூடத்துக்குப் போகாது.

கவியா, மேலே வாம்மா. கண்ணுசாமி, நீங்களும் வாங்க. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றியும் வணக்கமும். பாப்பா, அச்சகத்துக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன். இந்தா குச்சி, இந்தா புத்தகம். முதல் புத்தகத்தை நீயே பிரி.