மே மாசத்து வாலாட்டி

அந்த வரிய அழிக்கணுமா? தாராளமா அழிங்க தம்பி. எங்க வீட்டுக்காரரு காதுல மட்டும் விழ வேண்டாம். அதுக்கு முன்னாடி அந்த டீயக் குடிச்சிடுங்க. ஆறிப்போச்சுன்னு அதுக்கும் ஒரு குறிப்பு எழுதிடப் போறீங்க.

குளிச்சிட்டிருக்காரு. தண்ணி சத்தம் கேக்குதில்ல? அது நிக்கிற வரைக்கும் பேசலாம்.

உங்க பறவைச் சங்கத்துக்கு நூறு நோட்டு வந்திருக்கும், எங்க வீட்டு நோட்டுதான் கண்ண உறுத்துச்சாக்கும். என்ன தப்பு? மே மாசம் பன்னெண்டாம் தேதி, மஞ்சள் வாலாட்டி. ஆமா, என் கையெழுத்துதான். கோழி கிளறுன மாதிரி இருக்குன்னு சொல்லத்தான் வந்தீங்க, மரியாதைக்கு முழுங்கிட்டீங்க.

அவரு எழுத மாட்டாரான்னா கேக்கறீங்க? அவரு எம்மாம் பெரிய மனுஷன்! நாற்காலியில சாஞ்சுக்குவாரு. மகாராஜா சொல்லச் சொல்ல நான் எழுதணும். ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவரு. ஊர்ல இருக்கறவங்க எலும்பெல்லாம் அத்துப்படி, வீட்டுல உப்பு டப்பா எங்கன்னு கேட்டா முழிப்பாரு. ரிடையர் ஆனதும் மத்த ஆம்பளைங்க பேப்பர் படிச்சு நாட்டத் திருத்துவாங்க. இவரு காக்கா எண்ணப் போயிட்டாரு.

இந்த வெயிலுக்கு யாராவது பால்கனியில குடியிருப்பாங்களா? நாங்க இருந்தோம். விருந்தாளிங்களுக்குன்னு வெச்சிருந்த என் வெள்ளை பெட்ஷீட்டக் கொடியில கட்டி, பக்கத்துல லைட்டப் போட்டுட்டுத் தூங்கிடறது. விடிஞ்சு பாத்தா அந்துப்பூச்சிங்க குடும்பத்தோட வந்து ஒட்டிட்டிருக்கும். நல்ல விருந்தாளிங்க, காப்பி கேக்கறதில்ல. ஒண்ணொண்ணா எடுத்து அவரு உள்ளங்கையில விடணும். ரெக்கை எவ்வளவு நீளம்னு விரல் வெச்சுப் பாப்பாரு, முதுகு ரோமத்தத் தொட்டுப் பாப்பாரு. என்ன கலர், புள்ளி இருக்கான்னு மட்டும் என்னைக் கேப்பாரு. பூச்சியில ஏமாத்த முடியாது தம்பி, கையில இருக்கு. பறவை தூரத்துல இருக்கு. நான் சொல்றதுதான் கணக்கு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? போன்ல அவ்வளவு பேசறவரு, இதச் சொல்லலையா? சொல்ல மாட்டாரே. கண்ணு போயிடுச்சு தம்பி. உள்ள பிரஷராம், நரம்பு காஞ்சு போச்சாம். வெயில் தொடங்கறதுக்கு முன்னாடியே மிச்சமிருந்த வெளிச்சமும் போச்சு. ஐயோ, கிளாஸக் கீழ வைக்காதீங்க, குடிங்க.

மொதல்ல யோக்கியமாத்தான் சொன்னேன். என்ன வந்துச்சு? காக்கா. இன்னிக்கு? காக்கா, ரெண்டு புறா. நாளுக்கு நாள் முகம் தொங்கிப்போச்சு. தட்டத் தள்ளி வெச்சிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. எனக்குப் பயமாயிடுச்சு. கோவமாவும் வந்துச்சு. ஊர்ல இருக்கற பறவைக்கெல்லாம் எங்க பால்கனிப் பக்கம் வர அப்படி என்ன கேடு?

அவரோட பழைய நோட்ட எடுத்துப் புரட்டுனேன். வயிறு மஞ்சள், வால ஆட்டிட்டே நடக்கும்னு ஒண்ணப் பத்தி எழுதியிருந்தாரு. மறுநாள் காலைல எடுத்து விட்டேன். இங்க பாருங்க, கீழ தண்ணிக் குழாய்கிட்ட ஒண்ணு வால ஆட்டிட்டே நடக்குது, வயிறு மஞ்சள்னு. நிமிந்து உக்காந்தாரு பாருங்க! தலை என்ன கலரு, கத்துச்சா, நிமிஷத்துக்கு எத்தனை தடவை வால ஆட்டுதுன்னு ஒரே கேள்வி. மஞ்சள் வாலாட்டி, எழுதுன்னாரு. அன்னிக்கு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அப்புறமென்ன, வாரத்துக்கு ஒண்ணு வர ஆரம்பிச்சுது. நான் கூப்பிட்டா வராம இருக்குமா? அந்த நோட்டுல பறவைப் பக்கம் பாதி என் சமையல்தான்.

என்னது? குளிர்காலத்துக்கு மட்டும் வர்றதா? மே மாசம் இந்தப் பக்கமே இருக்காதா? எனக்கெப்படிங்க தெரியும். பழைய நோட்டுல ஜனவரின்னுதான் போட்டிருந்துச்சு. நான் வயித்தப் பாத்தேன், தேதியப் பாக்கல.

அவருக்கா? தெரியாம என்ன. எது எப்ப வரும், எப்ப கெளம்பும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு.

இருங்க.

அப்ப அன்னிக்கே தெரியுமில்ல அவருக்கு.

தெரிஞ்சுக்கிட்டேவா தலை என்ன கலருன்னு கேட்டாரு? நானும் மூச்சப் புடிச்சு எண்ணற மாதிரி நடிச்சு, பதினொரு தடவை ஆட்டுச்சுன்னு சொன்னேனே. அதையும் எழுதிக்கோன்னாரே, பாவி மனுஷன். வெயில் காலம் பூரா, ஒருநாளாவது சிரிச்சாரா?

தண்ணி நின்னுடுச்சு. பேனாவ மூடுங்க. ஆபீஸ்ல போயி எத்தனை வேணா அழிச்சுக்குங்க, எனக்கொண்ணும் இல்ல. நாற்காலிய வெளிய போடணும் நான். வந்து உக்காந்ததும் இன்னிக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பாரு. தெரிஞ்சே கேக்கற மனுஷன்கிட்ட, காக்கான்னு சொல்ல வாய் வருமா தம்பி?