முன் சீட்டுக்கு அடியில்

— ஃப்ரீசர்லயா வெச்சிருக்க? ஐஸ் தட்டுக்குப் பக்கத்துலயா? டேய், அது காருடா. கறியில்ல.

— மாடல் காருதான். காலையில நீங்க குடுத்துட்டுப் போனதும் உள்ள வெச்சேன். பழைய பசை குளிர்ல மொறுமொறுன்னு ஆயிடும். அப்புறம் லேசா ஒரு நெம்பு நெம்பினா போதும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாம ஒட்டு விட்டுடும். உக்காருங்க.

— என்னடா புதுசா, உக்காருங்க எழுந்திருங்கன்னு. கூடப் பொறந்த அண்ணன்கிட்ட.

— பதினோரு வருஷம் பேசாத அண்ணன்கிட்ட வேற எப்படிப் பேசறது? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. இந்தப் பக்கம் வேண்டாம், மெழுகு சிந்தியிருக்கு. பேன்ட்ல ஒட்டிக்கும்.

— உன் ஆளுங்க யாரும் இல்லையே?

— சாப்பிடப் போயிருக்காங்க. ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் நீங்க, நான், இந்த நாப்பது பல்செட்டு. அதுங்க எதையும் வெளியில சொல்லாது.

— நல்லாத்தான் வெச்சிருக்க. பல்லு கட்டறவன்னா ஏதோ சந்துக்குள்ள குந்தியிருப்பன்னு நெனச்சேன்.

— எப்படி உடைஞ்சுது? காலையில அவசரமா சொன்னீங்க, சரியா காதுல விழல.

— அலமாரியிலேர்ந்து விழுந்துடுச்சு. உங்க அண்ணி தூசி தட்டினா. வாலுல இருந்த ரெக்கை ஒண்ணு முறிஞ்சு போச்சு.

— அண்ணியா.

— ஆமா. அவளுக்கு எதுலதான் பதவிசு இருக்கு.

— அண்ணி மேல பழியப் போடாதீங்க. இதோ இருக்கே ரெக்கை, விளிம்பைப் பாருங்க. இது விழுந்து உடைஞ்சது இல்ல. கத்தியை விட்டு நெம்பின தடம். காலையிலயே காரைப் பாத்தேன், கதவு ஓரத்துல மூணு, அடியில ரெண்டு. நெம்பின வேகத்துல ரெக்கை கையோட வந்திருக்கு. உள்ள திறக்கப் பாத்திருக்கீங்க.

— பாத்தேன். இப்ப என்ன?

— ஒண்ணுமில்ல. மாடல் கார் செய்யறவங்க சங்கத்துல உங்களை மாஸ்டர்னு கூப்பிடறாங்கன்னு கேள்விப்பட்டேன். மாஸ்டருக்கு ஃப்ரீசர் விஷயம் தெரியாம போச்சேன்னு பாத்தேன்.

— குத்திக் காட்டணும்னா இப்பவே சொல்லிடு. எழுந்து போயிடறேன்.

— போக மாட்டீங்க. எதுக்குத் திறக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

— மியூசியத்துல கேட்டிருக்காங்கடா. பொம்மைக்குன்னே ஒரு மியூசியம். அதுல பழைய அமெரிக்கக் கார் மாடலுக்குத் தனியா ஒரு அறை. நட்டநடுவுல இந்த ஐம்பத்தொன்பது கேடிலாக். பக்கத்துல என் பேரு, என் போட்டோ. வெள்ளிக்கிழமை ஆளு வந்து எடுத்துட்டுப் போறான்.

— சந்தோஷமான விஷயம். அதுக்கு எதுக்குக் கத்தி?

— அங்க ஒரு பொண்ணு இருக்கா, பழைய மாடலைச் சரி பண்றவ. எல்லாத்தையும் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் படம் பிடிச்சு, சுத்தம் பண்ணி மறுபடி சேப்பாளாம். அதான் அவங்க முறையாம்.

— ஓ.

— என்ன ஓ? எதைச் சொல்றேன்னு உனக்குத் தெரியும்.

— தெரியாது. உங்க வாயாலயே வரட்டும்.

— முன் சீட்டுக்கு அடியில. சீட்டை ஒட்டறதுக்கு முன்னால நீ குண்டூசியால உன் பேரைக் கீறினியே. வருஷம், வயசு எல்லாம் போட்டு. உன் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.

— வயசு பதினாலு. ஆமா, கீறினேன்.

— அது அவ கண்ணுல பட்டா என் குட்டு உடைஞ்சுடும். அதைச் சுரண்டி எடுத்துட்டு, ரெக்கையை ஒட்டிக் குடு. அவ்வளவுதான் கேக்கறேன்.

— அவ்வளவுதானே.

— நீ செய்வேன்னு நம்பித்தான் வந்தேன். இந்த வேலையை வெளியாள்கிட்ட குடுக்க முடியுமா?

— முடியாதுதான். இருங்க, இன்னும் பத்து நிமிஷம் குளிரட்டும். முப்பத்தோரு வருஷம் பொறுத்தாச்சு. இந்த ரெக்கைக்கு மட்டும் எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு, தெரியுமா? ரெண்டு பாதியும் சேர்ற கோடு தெரியக் கூடாதுன்னு தீக்குச்சியில உப்புத்தாளைச் சுத்தித் தேய்ச்சேன். துண்டு துண்டா ஒட்டிச் செய்யற மாடல் பெட்டி, கப்பல்ல வேலை பாத்த மாமா கொண்டு வந்தது. மேல போட்டிருந்த படத்துல காரு சிவப்பு. நான் வெளிர் நீலம் அடிச்சேன்.

— பொருட்காட்சிப் போட்டியில அந்த நிறத்தைப் பாத்துத்தான் நடுவர் நின்னாரு.

— பதினோரு வருஷத்துக்கு முன்னால உங்க பேட்டியைப் பேப்பர்ல படிச்சேன். ‘வெளிர் நீலம் என் மனசுல உதிச்சது’ன்னு சொல்லியிருந்தீங்க. ‘என் தம்பி ஓரமா உக்காந்து பசை எடுத்துக் குடுப்பான்’னும் சொல்லியிருந்தீங்க.

— அது அந்த நிருபர் சேத்துக்கிட்டது.

— இருக்கட்டும். அதைப் படிச்ச அன்னைக்குத்தான் உங்க கூட பேச்சை நிறுத்தினேன். காரை எடுத்துட்டுப் போனப்பகூட நிறுத்தல. கவனிச்சீங்களா?

— கவனிச்சேன். ஏன் இவன் ஒரு வார்த்தை கேக்கலைன்னு ரொம்ப நாள் மண்டையக் குடைஞ்சுது.

— குடைஞ்சு?

— நீ ஒரு பயந்தாங்கொள்ளின்னு முடிவு பண்ணிட்டேன்.

— சரி.

— கோவிச்சுக்காத. இப்ப உண்மையைப் பேசற நேரம், பேசிடறேன். அந்தக் காரைக் காட்டித்தான் எனக்கு வேலை. பஸ் பாடி கட்டற கம்பெனி முதலாளி பொருட்காட்சியில பாத்துட்டு, ‘இப்படிக் கை இருக்கறவன்தான் எனக்கு வேணும், நாளைக்கே வா’ன்னாரு. அந்த வேலையைக் காட்டித்தான் கல்யாணம். அந்தக் கல்யாணத்தாலதான் வீடு வாசல். இப்ப அடியில இருக்கற ஒத்தைச் செங்கல்லை ஒருத்தி வந்து உருவப் போறா.

— அதுக்கப்புறம் வேற ஒரு காரும் செய்யலையே, ஏன்?

— வாங்கினேனே. பத்தொன்பது பெட்டி பரண்ல இருக்கு. பிரிப்பேன், துண்டு துண்டா கெடக்கறதைப் பாப்பேன், மூடி வெச்சுடுவேன். சங்கத்துல அடுத்தவன் செஞ்சதுல நொள்ளை நொட்டை சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். யாராவது கேட்டா கை நடுக்கம்னு சொல்லிக்குவேன்.

— கொஞ்சம் சிரிங்க.

— என்னது?

— சும்மா, பல்லு தெரிய சிரிங்க. மேல் வரிசை, இடது பக்கம் மூணு பல்லு கட்டினதுதானே?

— ஆமா. நாலு வருஷம் ஆச்சு. டாக்டர் எங்கயோ வெளியில குடுத்துச் செஞ்சு வாங்கினாரு.

— அந்த எங்கயோ, நீங்க கை ஊனியிருக்கீங்களே, அந்த மேஜைதான். ஆர்டர் தாள்ல உங்க பேரு இருந்துச்சு. பேரைப் பாக்கறதுக்கு முன்னாலயே அச்சைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு, அந்த முன்பல்லு கோணல் சின்ன வயசுலேர்ந்து அப்படியே இருக்கு. மத்தவங்களுக்கு ரெண்டு நாள் வேலை. உங்களுக்கு அஞ்சு நாள் எடுத்துக்கிட்டேன். மியூசியத்துக்குக் குடுத்த போட்டோவுல சிரிச்சிருக்கீங்களா?

— சிரிச்சிருக்கேன்.

— அந்தச் சிரிப்பும் என் கைவேலைதான்.

— சொல்லவே இல்லையேடா.

— பல்லுல யாரு பேரு எழுதிக் குடுக்கறா.

— நான் கெட்டவன்தான். ஒத்துக்கறேன். ஆனா என் நிலைமையையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. அந்த வருஷம் ரெண்டாவது தடவையா ஃபெயில். வீட்டுல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. நீ காய்ச்சல்ல படுத்திருந்த. உன் காரு இருந்த அலமாரியை அப்பா எப்பவும் பூட்டித்தான் வெப்பாரு, சாவி அவர் சட்டைப் பையை விட்டு வராது. அன்னைக்கு என் நேரமோ என்னமோ, அலமாரி ஆன்னு திறந்து கெடந்துச்சு. புத்தி கெட்டுப் போச்சு, எடுத்துக்கிட்டுப் பொருட்காட்சிக்குப் போயிட்டேன்.

— ம்.

— சாயங்காலம் கோப்பையோட வந்தேன். அப்பா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரு. என் தோள்ல கை போட்டு, தெருவுக்கே கேக்கற மாதிரி ‘இவன் எம் பையன்’னாரு. என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான்டா.

— படுக்கையிலேர்ந்து நானும் கேட்டேன்.

— அவருக்கு விஷயம் தெரியாமலே போய்ச் சேந்துட்டாரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். ஊரு காறித் துப்பட்டும், பொண்டாட்டி பேசாம போகட்டும், அதெல்லாம் தாங்கிக்குவேன். அப்பா அன்னைக்கு என்னை நெசமா நம்பினாரு. அதை மட்டும் எவனாலயும் என்கிட்டேர்ந்து எடுக்க முடியாது.

— நேரம் ஆயிடுச்சு. கையை எடுங்க, காரை இங்க வைக்கணும்.

— மெதுவாடா. மெதுவா.

— கேட்டுச்சா, டக்குன்னு? பாடி தனியா வந்துடுச்சு. இப்ப சீட்டு. அதுவும் வந்துடுச்சு. இந்தாங்க, நீங்களே திருப்பிப் பாருங்க.

— இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். அந்த விளக்கை இப்படிக் கொஞ்சம் திருப்பு.

— தெரியுதா?

— இங்க ஒண்ணும் இல்லையே. வழவழன்னு தேய்ச்ச தடம்தான் இருக்கு. பேரு எங்க? காலையிலயே திறந்து சுரண்டிட்டியா?

— உங்க கண்ணு முன்னாலதானே ஒட்டு விட்டுச்சு. அதுக்குள்ள நான் எங்க போய் சுரண்டறது?

— பின்ன எவன் தேய்ச்சான்?

— நான்தான். பொருட்காட்சிக்கு முந்தின நாள். காய்ச்சலோட உக்காந்து, ரெக்கையைத் தேய்ச்ச அதே உப்புத்தாளால. தேய்ச்சுட்டுத்தான் சீட்டை ஒட்டி, பாடியை மூடினேன்.

— முந்தின நாளா? எடுக்கப் போறேன்னு அன்னைக்கு எனக்கே தெரியாதே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— ரெக்கையை ஒட்டித் தரேன். பேரும் இல்ல, பயமும் இல்ல. வெள்ளிக்கிழமை தைரியமா குடுத்து அனுப்புங்க.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— வேண்டாம்ணே. விடு. நீ எடுத்துட்டுப் போ.

— சொல்லுடா.

— அப்பா வந்து என் படுக்கையில உக்காந்தாரு. ‘உனக்குக் கை இருக்கு, நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவ. பெரியவனுக்கு ஒண்ணுமே இல்லடா. உன் பேரை அழிச்சுடு. குடுத்தா வாங்க மாட்டான், ரோஷக்காரன். நாளைக்கு அலமாரியைத் திறந்து போடறேன், திருடிக்கட்டும்’னாரு.