இரண்டாவது மாதிரி

எங்கள் ஆய்வகத்தில் நாற்றம் இருக்காது. மலத்தைப் பரிசோதிக்கிற இடம் என்றதும் எல்லாரும் முதலில் மூக்கைத்தான் பிடிப்பார்கள். நீங்களும் உள்ளே வரும்போது கைக்குட்டையை எடுத்தீர்கள், பிறகு மெதுவாகப் பையில் வைத்துக்கொண்டீர்கள். மூடிய டப்பாவில், அதற்கான திரவத்தில் ஊறித்தான் மாதிரி எங்களிடம் வரும்.

இருபத்தேழு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். பெருங்குடலில் கட்டி வளர ஆரம்பித்தால் அதன் செல்கள் உதிர்ந்து மலத்தோடு வெளியே வரும். அந்தச் செல்களின் டிஎன்ஏவில் சில இடங்களில் மெத்தில் என்கிற சிறு ஒட்டு ஏறியிருக்கும். நல்ல செல்லில் அந்த இடங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இயந்திரம் அந்த ஒட்டைத் தேடும். இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும். ஏறினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, குழாய் விட்டுக் குடலைப் பார்த்தாக வேண்டும் என்று அர்த்தம். வலி வருவதற்கு முன்பே எச்சரித்துவிடும். நல்ல பரிசோதனை. அதில் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

என் அண்ணன் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணி இறந்ததும் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் பத்தொன்பது வருடம் நான் தனியாக இருந்தேன். பெரிய கஷ்டம் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை காலைவரை பேச ஆள் இருக்காது. திங்கட்கிழமை வணக்கம் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். அவ்வளவுதான்.

அண்ணன் வந்தபிறகு தொண்டை கட்டவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை ‘வாலு’ என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். நான் சமைக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, பேருந்தைப் பின்னோக்கி எடுக்க வழி சொல்வதுபோல, “வா, வா, இன்னும் கொஞ்சம் உப்பு, வா, போதும்” என்பார்.

பரிசோதனை யோசனை அண்ணன் மகனுடையது. அவன் வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

“அத்தை, அப்பாவுக்கு அறுபத்தஞ்சு ஆச்சு. உங்க லேப்லயே ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. ஏதாவது இருந்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் இங்கயே இருக்கட்டும். எத்தனை நாளைக்குத்தான் உங்களுக்குப் பாரமா இருப்பாரு?”

பாரம் என்ற சொல்லை அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

அண்ணனுடைய கோடு ஏறியது. உடன் வேலை பார்ப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். முடிவைப் பதிவுசெய்வது என் பொறுப்பு. ‘கண்டறியப்படவில்லை’ என்று பதிவுசெய்தேன். ஆரோக்கியமானவர்களுக்கும் சில சமயம் கோடு ஏறிவிடும். அண்ணனும் அப்படி ஒருவராக இருக்கலாம் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை என்றே இப்போதும் தோன்றுகிறது.

எட்டு மாதம் கழித்து இளைக்க ஆரம்பித்தார். ரத்தம் போனது. மூலம் என்று சொல்லிக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவர் கிளம்பியபோது, “முதல்ல இன்னொரு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்ணா” என்றேன். அதற்குள் ஆய்வகத்தில் முடிவுகள் இயந்திரத்திலிருந்து நேராகப் பதிவாகும்படி மாற்றியிருந்தார்கள். அதனால் அவர் பெயர் ஒட்டிய டப்பாவில் என்னுடையதை வைத்தேன். சுத்தமாக வந்தது. அந்த எண்களில் நான் கை வைக்கவே இல்லை.

“வாலு, உன் மெஷின் என்ன சொல்லுது?”

“ஒண்ணும் இல்லண்ணா. சுத்தமா இருக்கு.”

“அப்போ என் வயிறுதான் பொய் சொல்லுதா?” என்று சிரித்தார். பிறகு, “நீ சொன்னா சரிதான்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஆறு மாதம் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். காய்களை மசித்து ஊட்டினேன். மூன்று மாடி இறங்க முடியாததால் அவர் வெளியே போவது நின்றது. நான் விடுப்பு எடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். வலி விட்டு விட்டு வரும். இடையில் ஓட்டிய பாதைகளையெல்லாம் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்வார். நானும் பேசுவேன். வாழ்க்கையில் அவ்வளவு பேச்சு நான் பேசியதில்லை.

குடல் அடைத்து மயங்கி விழுந்தபோது மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பதினோரு நாள்தான் இருந்தார். கட்டி இவ்வளவு பெரிதாகும்வரை என்ன செய்தீர்கள் என்று அறுவை மருத்துவர் கேட்டிருக்கிறார். மகன் இரண்டு முடிவுகளையும் காட்டியிருக்கிறான். அவர் நம்பாமல் இங்கே புகார் அனுப்பினார். சேமித்து வைத்திருந்த மாதிரிகளை மறுபடி பரிசோதித்தார்கள். முதலாவதில் கோடு ஏறியது. இரண்டாவது ஒரு பெண்ணுடையது என்று தெரிந்தது.

மகன் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “ஏன் அத்தை?” நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். அதனால்தான் புகாரை விசாரிக்க வந்த உங்களிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். முடிவை மாற்றியதும் நான்தான், மாதிரியை மாற்றியதும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நீங்கள் படித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். அன்றே சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்தேன். பிழைத்திருப்பார். ஆனால் மகன் வீட்டில்தானே பிழைத்திருப்பார்.