பஸ்கா முட்டையின் கிழமை

— சாட்சியை இன்னொரு தடவை சொல்லு ஃபைவெல். உள்ள தீர்ப்பு சொல்ல மூணு ரப்பிமார், நம்ம யூத குருமார், உட்கார்ந்திருக்காங்க. நீ திக்கினா நான் தொலைஞ்சேன்.

— எத்தனை தடவை ஹிண்டெ அண்ணி! மரக்கட்டைத் தெப்பத்தோட முன்பக்கத்துல நானும் உங்க வீட்டுக்காரர் ஸான்வெல் அண்ணனும் நின்னோம். கட்டை புரண்டுச்சு. அண்ணன் ஆத்துல விழுந்துட்டாரு.

— தண்ணியில போனார்னு மட்டும் சொன்னா விடமாட்டாங்க. எங்கயாவது கரையேறியிருப்பார்னு சொல்லித்தானே மறுகல்யாணம் கூடாதுன்னு அஞ்சு வருஷமா என்னைக் கட்டிப்போட்டிருக்காங்க? பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல. முகத்தைப் பார்த்தியா?

— பார்த்தேன். புருவத்துத் தழும்போட. சாயங்காலம் மணல்திட்டுல ஒதுங்கினாரு. நான்தான் புதைச்சேன்.

— என்னைக்கு?

— எருசலேம் கோயில் இடிஞ்ச நோன்பு அன்னைக்கு. வெறும் வயிறு பாருங்க, அதான் அண்ணனுக்குக் கால் தள்ளாடிடுச்சு. வெள்ளிக்கிழமை வேற. பொழுது சாஞ்சா ஓய்வுநாள் பிறந்துடும், புதைக்கக் கூடாது; அதுக்குள்ள அவசர அவசரமாப் புதைச்சேன்.

— என்ன கிழமை?

— வெள்ளி.

— பஸ்கா ராத்திரி உப்புத்தண்ணியில முட்டை முக்கித் தின்றோமே, எதுக்கு?

— பசிக்கு.

— தூ! இடிஞ்ச கோயிலுக்குத் துக்கம்டா அது. பஸ்கா முதல் நாள் எந்தக் கிழமையோ, அந்த வருஷம் அந்த நோன்பும் அதே கிழமை. அவர் காணாமப்போன வருஷம் செவ்வாய். எப்படி மறப்பேன்? அவர் என் பக்கத்துல உட்கார்ந்து தின்ன கடைசி முட்டை அது.

— அப்ப செவ்வாயா இருக்கும் அண்ணி. நான் கட்டை உருட்டறவன், எனக்கென்ன தெரியும்?

— எந்த வருஷமும் அது வெள்ளியில விழாது. உள்ள இருக்கறவங்க விரல் மடக்கி எண்ணக்கூட வேண்டாம், கேட்டதும் துரத்திடுவாங்க. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு. நீ யாரைப் புதைச்சே?

— வெள்ளின்னு நானா சொல்லல அண்ணி. அவருதான் சொல்லிக்கொடுத்தாரு.

— எவரு?

— ஸான்வெல் அண்ணன். எல்லைக்கு அந்தப் பக்கம் மரக்கிடங்குல இருக்காரு. ரஷ்ய ராஜா ஜாரோட பட்டாளத்துக்குத் தப்பி ஓடினவரு, வேற பேருல திரியறாரு. உங்களை விடுவிக்க விலக்குச்சீட்டு எழுதணும்னா சாட்சி முன்னாடி சொந்தப் பேரைச் சொல்லணுமே? பேரு வெளிய வந்தா பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. "நீ போய் என்னைப் புதைச்சுடு, அவளாவது பொழைக்கட்டும்"னாரு.

— ...நல்லா இருக்காரா?

— இருமல். கூட யாரும் இல்ல.

— சாகறதுக்கு நாள் பொறுக்கினவருக்குக் கிழமை பார்க்கத் தெரியல. எப்பவும் அப்படித்தான். விளக்கேத்தற பண்டிகை என்னைக்குன்னுகூட என்னைத்தான் கேட்பார்.

— உங்களுக்குத் தெரியாம முடிச்சுடணும்னு நினைச்சேன். கெடுத்துட்டேன்.

— அவர் உயிரோட இருக்கறது தெரிஞ்சே, என்னைக் கேட்டுக்கிட்டிருக்கற பீப்பாய்க்கார இட்ஸிக்கை நான் கட்டிக்கிட்டா, பொறக்கற பிள்ளைக்குப் பரம்பரைக்கும் கறை. அது தெரியுமா உனக்கு?

— தெரியும் அண்ணி. கதவு திறக்குது, கூப்பிடறாங்க. நான் இப்படியே போயிடட்டுமா?

— நில்லு. செவ்வாய்க்கிழமை. அவசரமாப் புதைச்சேன்னு சொல்லாத. நிதானமாப் புதைச்சேன்னு சொல்லு.