மூலையில் இருந்த ஆம்ப்

"போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடுறேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் இஷ்டம்."

"இஷ்டம் இஷ்டம்னு ஓட்டல் சர்வர் மாதிரி சொல்லாதீங்க. புருஷன் மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"நல்லா வாசி. அதான் சொல்வேன்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் தங்கையும் நானும் பேசியது இது, மச்சான். ஒரு இசைக்குழு அவளை பேஸ் கிட்டார் வாசிக்கக் கூப்பிட்டிருந்தது. ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. நான் தடுக்கவில்லை. நேற்று அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "அவளை என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டீர்கள். படியில் நின்று சொல்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என் தொழில். அவள் வாசித்துப் பழகப் பின்னறையை நானே ஒழித்துக் கொடுத்தேன். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், அடியில் வெற்றிடம் உள்ள பலகைமேல், கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்பை வைத்தேன். அன்றே தெரிந்துவிட்டது. கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் சத்தம் வீங்கிக்கொண்டு வந்தது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. ஐந்தாவது கட்டத்தில் சோனியாகிப் போயிற்று.

"என் விரல்தான் சரியில்லையோ?" என்றாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. "இருக்கும்" என்றேன்.

கடைக்கு இதே குறையோடு யார் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆம்பை மூலையிலிருந்து மூன்றடி முன்னால் இழுங்க, ஸ்டூல் மேல ஏத்துங்க, பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைங்க. அறை செய்கிற சேட்டை அது. விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹெட்போன் மாட்டி வாசித்தால் அறை குறுக்கே வராது; எல்லாம் சமமாகக் கேட்கும். அவளுக்கும் ஒருநாள் அது தோன்றும் என்று பட்டது. ஆம்பைத் திறந்து, ஹெட்போன் துளைக்குப் போகும் ஒயரைக் கத்தரித்தேன். "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது" என்றேன். நம்பினாள். ஊரிலேயே நல்ல மெக்கானிக்கைக் கட்டியிருக்கிறாள் இல்லையா?

"சமமா வர்ற வரைக்கும் போக மாட்டேன்" என்று அவளேதான் சொன்னாள். குழுக்காரர்கள் மூன்று தடவை போன் செய்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அப்புறமும் அவள் விடவில்லை. காலையில் ஐந்து மணிநேரம், சாயங்காலம் மூன்று. நான் சமைத்தேன், துணி மடித்தேன். விரல் வீங்கினால் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுப் பாரேன்" என்று கிட்டாரை மறுபடி மடியில் எடுத்து வைத்ததும் நான்தான். அந்த வருஷங்களைப்போல் நாங்கள் நெருக்கமாக இருந்ததே இல்லை.

போன மாதம் அவள் கையில் ஆபரேஷன் செய்த டாக்டர், இடது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார். "வீட்டுல யாருமே நிறுத்தச் சொல்லலையா?" என்று என்னைப் பார்த்தார்.

"அவ இஷ்டத்துக்குக் குறுக்க நான் நிக்கிறதில்ல, சார்."

முந்தாநாள் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஆம்பை அறை நடுவில் ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நேற்றுக் காலை, கை எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அவள் கிட்டாரோடு உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலால் மூன்றாவது கட்டத்தை அழுத்தினாள். பிறகு ஐந்தாவது. மறுபடி மூன்றாவது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சமமாக வந்தன.

ஆம்பைப் பார்த்தாள். காலி மூலையைப் பார்த்தாள். பலகையில் சதுரமாக அதன் தடம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா அது? ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் அழவில்லை. உங்களுக்குப் போன் செய்துவிட்டு, நான் மடித்து வைத்திருந்த துணிகளை மடிப்புக் கலையாமல் பையில் அடுக்கினாள். "அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், மச்சான். ஒருநாளும் நான் அவளைத் தடுத்ததில்லை. நேற்றும் வாசலை மறிக்கவில்லை. நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"வேணாம். போகாத."