தாழ்வாரத்தில் நாற்காலி போடவிடாத எங்கள் நடையக்காவுக்கு

படுத்தவரை எழுப்பி, எழுந்தவரை நடத்தி, நடந்தவரைப் பேசவைத்து, பேசியவரைச் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிய பெருந்தகையே, பேறுகாலப் பிரிவின் பிசியோதெரபி அம்மையே, எங்கள் நடையக்காவே, வணக்கம்.

இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். கூடவே எங்கள் கால்களும் ஓய்வு பெறுகின்றன. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் நடக்கவைத்ததோடு நில்லாமல், துணைக்கு எங்களையும் அல்லவா துரத்தினீர்கள்? உட்கார நாற்காலி தேடினால் அது மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒளித்தது யாரென்று கேட்டால் உங்கள் முகம் பச்சைப்பிள்ளை முகமாகிவிடும்.

"பேசிக்கிட்டே நடக்கணும். மூச்சு வாங்காம பேச வந்தா நடை சரி. பேச்சே வரலைன்னா மனசைப் பாக்கணும்" என்பது உங்கள் வேதம். அதற்காக வாய் ஓயாத பதிவுக் கவுண்டர் அக்காவைத் துணைநடைக்கு நியமித்தீர்கள். ஊர்வம்புக்கு இப்படியொரு பதவியா என்று நாங்கள் வயிறெரிந்தோம்.

முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் சலவைப் பிரிவு அம்மாவின் கதையைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. மாமியார், மருமகள் இருவரிடமும் அனுமதி வாங்கியாயிற்று.

"பச்சை உடம்புக்காரி, படுத்தே இரு" என்று மருமகளைக் கட்டிலோடு காத்தார் சலவையம்மா. அன்பில் குறையில்லை. ஆனால் அவள் பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. பால் கொடுப்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அந்த முதுகிடம் சலவையம்மா மாலைதோறும் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லிப் பார்த்தார். ஊர் அழுக்கையெல்லாம் வெளுப்பவருக்குத் தன் வீட்டில் படிந்தது என்னவென்று பிடிபடவில்லை.

"நான் பேசுறது எதுவும் அவ காதுல விழலக்கா. பயமா இருக்கு" என்று உங்களிடம் வந்து நின்றார்.

"தையல் காட்டக் கூட்டிட்டு வா. டாக்டர் சரின்னு சொன்னா நான் நடத்திக்கிறேன்" என்றீர்கள்.

டாக்டர் சரியென்றார். மருமகள் நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. சலவையம்மா ஜன்னலருகே நின்று ஒரே போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ஒருநாள் கவுண்டர் அக்கா, கூட நடப்பவள் யாரென்று விசாரிக்காமலே வம்பளந்தார்: "இந்த சலவைக்காரம்மா இருக்கே, பெரிய டாக்டர் கோட்டைப் பல்செட்டோட சேத்துத் துவைச்சிருச்சு. மனுஷன் அன்னிக்குப் பூரா வாயே திறக்கல."

"பல்செட்டு இல்ல, மூக்குக்கண்ணாடி" என்றாள் மருமகள். "அவங்க என் மாமியார்."

கவுண்டர் அக்காவுக்கு வாயடைத்ததை அன்றுதான் பார்த்தோம். மருமகள் சிரித்தாள், சிரிப்பு அழுகையானது. "பிள்ளையைப் பாத்தா ஒண்ணுமே தோணலக்கா. நான் இல்லாம இருந்தா அதுக்கு நல்லதோன்னு இருக்கு."

பின்னாலேயே நடந்து வந்த நீங்கள் பதறவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "சொன்னியே, அது போதும்" என்று அவள் கையைப் பிடித்தவர், மனநல மருத்துவரின் அறை வரை விடவேயில்லை. மருந்தும் ஆலோசனையும் நடையுமாக அவள் மெல்லத் தேறினாள். நடையே குணமாக்கியது என்று எழுதினால் முதல் அடி உங்களிடமிருந்துதான் விழும் என்பதால் எழுதவில்லை.

மருமகள் வாய் திறந்த அன்று, ஜன்னலருகே சலவையம்மா போர்வையில் முகம் புதைத்து அழுதார். மருமகள் தன்னைத் திட்டியிருந்தால்கூட அவருக்குச் சந்தோஷம்தான். மூக்குக்கண்ணாடி என்று அவர் அந்த முதுகிடம் மட்டுமே சொல்லியிருந்தார். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

உண்மையில் துவைபட்டது எதுவென்பதை, பெரிய டாக்டர் மேடையில் இருப்பதால், இங்கே எழுதவில்லை.

நடையக்காவே, நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் நடங்கள். பக்கத்தில் வம்பளக்க எப்போதும் ஒருவர் வாய்க்கட்டும். தாழ்வாரத்தை அப்படியே காலியாக வைத்திருப்போம். மாடிப்படிக்கு அடியிலிருந்து இன்று ஒரேயொரு நாற்காலியை மட்டும் எடுத்து வந்திருக்கிறோம். அதைத் துடைத்துப் போட்டவள் அந்த மருமகள்தான்.

உட்காருங்கள் அக்கா.

இன்னும் மூச்சு வாங்கியபடி,
பேறுகாலப் பிரிவுப் பணியாளர்கள்